உணவுக்கு ஈடான பானங்களும் நம் வீட்டுக் கஞ்சியும்

தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது அங்கத்தினர்கள் கணக்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நூல் விலை, விதைக்கடலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டிலுள்ள நோய் நொடி ஆகிய யாவும் பேச்சில் வரும். அண்மைக் காலமாகப் பல இடங்களில் ஒரே கேள்வி எழுகிறது. ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாகக் குடித்தால் போதும் என்று டப்பாக்களிலும் பைகளிலும் விற்கப்படும் சத்துப் பொடிகளைச் சங்கப் பண்டகசாலையில் வாங்கி வைக்கலாகாதா என்பதே அக்கேள்வி.

கேட்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. குழித்தறியில் இறங்கிய நெசவாளர் நடுவில் எழுந்து உண்ணச் சென்றால் வேலையின் ஓட்டம் அறுபடும். கடலை பிடுங்கும் நாட்களில் உழவர் வீட்டில் அடுப்பு மூட்டவும் ஆளிருக்காது. பல் இழந்த முதியோரும், நோயிலிருந்து எழுந்தவர்களும், சோற்றைக் கண்டால் முகம் திருப்பும் குழந்தைகளும் இல்லாத வீடு ஏது? ஆயினும் பண்டகசாலையில் ஒரு சரக்கை ஏற்றுமுன் அது என்ன, எவ்வளவு தரும், அதற்குக் கொடுக்கும் விலை தகுமா என்று ஆராய்வது நம் கடமை. சென்ற ஆண்டு நான் நேரில் கண்ட ஒன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

அடி அண்ணாமலை என்பது திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில், ஆதி அண்ணாமலையார் கோயிலை ஒட்டி அமைந்த சிற்றூர். பௌர்ணமி இரவுகளில் மலையை வலம் வருவோர் அவ்வழியே திரள் திரளாகச் செல்வார்கள். மற்ற நாட்களில் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும். அங்கே நம் அங்கத்தினராகிய நெசவாளர் ஒருவரின் கடன் தவணை மூன்று மாதமாக நிலுவையில் நின்றது. விசாரிப்பதற்காக அவர் இல்லத்திற்குச் சென்றேன். திண்ணையில் அவருடைய தாயார் படுத்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார்.

“அம்மாவுக்குப் பல் இல்லை, ஐயா. சோறு இறங்குவதில்லை. மூன்று மாதமாக மூன்று வேளையும் இந்தப் பொடியைத்தான் வெந்நீரில் கலந்து கொடுத்து வருகிறோம். ஒரு நாளும் தவறியதில்லை. டாக்டரும் பார்த்து வேறு நோய் இல்லை என்றுதான் சொன்னார். இருந்தும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறார்களே!” என்றார் அவர். அவருடைய மனைவியார் டப்பாவைக் கொண்டுவந்து காட்டி, “அத்தைக்கு இதிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது, வேறு எதுவும் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள், ஐயா” என்றார். சங்கத்தில் வாங்கிய சிறு கடனில் பெரும்பகுதி அந்த டப்பாக்களுக்கே சென்றிருந்தது.

டப்பாவின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். நூறு கிராம் பொடியில் ஏறத்தாழ 380 கலோரி. புரதம் 11 கிராம். வேளைக்கு இரண்டு கரண்டி, அதாவது 30 கிராம். மூன்று வேளைக்கு 90 கிராம். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 342 கலோரியும் 10 கிராம் புரதமும் வருகின்றன. மிகுந்த உழைப்பில்லாத ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரியும் 46 கிராம் புரதமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய சத்துணவு நிலையமும் 2020-இல் வகுத்துள்ளன. முதியோருக்குக் கலோரி சற்றுக் குறைந்தால் போதும். எப்படிப் பார்த்தாலும் அந்த அம்மையாருக்குக் கிடைத்து வந்தது தேவையில் கால்பங்கு கூட இல்லை. அன்போடும் ஒழுங்கோடும், கடன் வாங்கியும், மூன்று மாதமாக அவ்வீட்டார் அவரைப் பட்டினி போட்டிருந்தார்கள். தாம் செய்தது இன்னதென்று அவர்கள் அறியவில்லை.

அப்பொடி போலிச் சரக்கு அன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் மேல் அச்சிட்டிருந்ததும் பொய்யன்று. மூன்று வேளையும் உண்பவர், உணவோடு துணையாகப் பாலில் கலந்து குடிப்பதற்காக ஆக்கப்பட்ட பொருள் அது. அதையே உணவாக வைத்தபோதுதான் கேடு நேர்ந்தது.

ஆகவே இப்பானங்களை இனம் பிரித்து அறிதல் அவசியம். முதல் வகை, பார்லியும் கோதுமையும் முளைகட்டிக் காய்ச்சிய மால்ட் பானங்கள். இவற்றுள் நம் நாட்டில் பெயர் பெற்ற ஹார்லிக்ஸை ஜேம்ஸ், வில்லியம் என்னும் ஆங்கிலச் சகோதரர் இருவர் 1873-இல் அமெரிக்காவில் தயாரிக்கத் தொடங்கினர். இவ்வகை துணைப் பானமே. இரண்டாம் வகை, ஒரு வேளை உணவுக்கு ஈடாக அளவிட்டுச் செய்யப்பட்டவை. உலக நாடுகள் கூடி வகுத்த உணவுச் சட்டத் தொகுதியில், எடை குறைக்க விரும்புவோருக்கான இத்தகைய மாற்றுணவைப் பற்றி 1991-இல் விதி செய்தனர். அதன்படி ஒரு வேளை மாற்றுணவு 200 கலோரிக்குக் குறையாமலும் 400-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். புரதம், உயிர்ச்சத்துக்கள், தாது உப்புக்கள் ஆகியவை குறித்த அளவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் வகை, வேறெதுவும் உண்ணாமல் இதை மட்டுமே கொண்டு உயிர் வாழத்தக்க முழு உணவு. மருத்துவமனைகளில் விழுங்க இயலாத நோயாளிகளுக்குக் குழாய் வழியாகச் செலுத்தப்படுவது இத்தகையது. பிரிட்டனில் கிளாக்ஸோ கம்பெனியார் 1954-இல் வெளியிட்ட காம்பிளானுக்கு, ‘திட்டமிட்ட முழு உணவு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கியே பெயரிட்டனர்.

மூன்றும் பொடிதான், மூன்றையும் கரைத்துத்தான் குடிக்கிறோம், கடையில் ஒரே பலகையில்தான் அடுக்கியிருக்கிறார்கள். வேற்றுமையைப் பொடியின் நிறத்திலோ விளம்பரத்திலோ காண இயலாது. அளவில்தான் காண இயலும்.

உணவைப் பொடியாக்கி ஏழைக்கு எட்டச் செய்யலாம் என்னும் எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. அமெரிக்காவில் உணவுச்சாலைகள் நடத்திய கிளிஃபோர்ட் கிளிண்டன் என்பவர், பசித்தவர் எவரையும் பணமில்லை என்று திருப்பி அனுப்பலாகாது என்ற கொள்கை உடையவர். மலிவான முழுச் சத்துணவு ஒன்றை ஆக்கித் தருமாறு ஹென்றி போர்சூக் என்னும் விஞ்ஞானியை அவர் வேண்டினார். சோயா மொச்சையை அடிப்படையாகக் கொண்டு, வேளைக்கு 3 சென்ட் விலையில் ‘பல்நோக்கு உணவு’ உருவாயிற்று. இதைப் பரப்புவதற்கென 1946-இல் ஓர் அறநிலையமும் தோன்றிற்று.

நம் நாட்டில் சோயாவுக்கு எங்கே போவது? மைசூரில் 1950-இல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் தலைமையில், நம் நிலத்தில் விளைவதைக் கொண்டே இதைச் செய்ய முற்பட்டனர். எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் தூய நிலக்கடலை மாவு முக்கால் பங்கும், கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்து, சுண்ணாம்புச் சத்தும் ஏ, டி, பி வகை உயிர்ச்சத்துக்களும் கலந்தனர். இந்தியப் பல்நோக்கு உணவு என்று இதற்குப் பெயர். இதில் நூற்றுக்கு நாற்பது பங்கிற்கு மேல் புரதம் இருந்தது. பின்னர் 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் அந்நிலையத்தாரே நிலக்கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்து, பாலுடன் சேர்த்துப் பாலைப் பெருக்கும் ‘மில்டோன்’ என்னும் பானத்தையும் செய்தனர். பெங்களூரில் அது புட்டிகளில் அடைக்கப்பட்டு வழங்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரி நிலங்களில் ஆண்டுதோறும் நாம் பிடுங்கும் அதே கடலைதான், விஞ்ஞானிகள் நாடு முழுவதற்கும் பாலாக்க முயன்ற கடலை.

தூர தேசத்தில் பருத்திக்கும் இப்பெருமை கிடைத்தது. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நகரில் 1949-இல் நிறுவப்பட்ட சத்துணவு ஆராய்ச்சி நிலையத்தார் மக்காச்சோள மாவுடன் பருத்திக்கொட்டை மாவைச் சேர்த்து ‘இன்காபரினா’ என்னும் பொடியை ஆக்கினர். அந்நாட்டு மக்கள் வழக்கமாகக் குடிக்கும் சோளக் கஞ்சியைப் போலவே அதைக் காய்ச்சிக் குடித்தனர். இன்றளவும் அங்கே அது விற்பனையாகிறது. பருத்திக்கொட்டையை மாட்டுத் தீவனம் என்றே எண்ணுவோர் மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பாலை ஒரு முறை குடித்துப் பார்த்தால் குவாத்தமாலா அவ்வளவு தூரமில்லை என்று அறிவர்.

கடலையோடு கொண்டைக்கடலையையும், சோளத்தோடு பருத்திக்கொட்டையையும் ஏன் சேர்த்தார்கள்? நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. புரதம் என்பது ஒரே பொருளன்று. ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த ஆடை அது. அவற்றுள் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ளும். ஒன்பதை உணவிலிருந்தே பெற வேண்டும். பாவு நூல் பத்து சேலைக்கு இருந்தாலும் ஊடை நூல் நான்கு சேலைக்கே இருந்தால் எத்தனை சேலை நெய்யலாம்? நான்குதான். எஞ்சிய பாவு வீணாக நிற்கும். தானியங்களில் லைசின் என்னும் நூல் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெதியோனின் தானியத்தில் போதிய அளவு உண்டு. இரண்டையும் சேர்த்தால் தறி நிற்காது. சோற்றோடு சாம்பாரும் இட்லி மாவில் உளுந்தும் நம் முன்னோர் சேர்த்ததன் பயன் இதுவே.

இக்கணக்கைப் புறக்கணித்த ஒரு பொடியால் நேர்ந்த விபரீதத்தையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் உடல் இளைப்பதற்கென்று ‘திரவப் புரதம்’ ஒன்று பெருவாரியாக விற்பனையாயிற்று. மாட்டுத் தோல் முதலியவற்றைக் காய்ச்சி எடுத்த புரதம் அது. டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. தாது உப்புக்களும் குறைவு. வேறு உணவின்றி அதையே பருகியவர்களுள் ஏறத்தாழ அறுபது பேர் இறந்தனர். பலருக்கு இருதயத் துடிப்பு திடீரெனத் தவறிற்று. புட்டியின் மேல் புரதம் என்று எழுதியிருந்தது உண்மைதான். ஊடை இல்லாத பாவு என்பதை யாரும் எழுதவில்லை.

மைசூரின் பல்நோக்கு உணவு ஏன் வீடுதோறும் பரவவில்லை என்று கேட்கலாம். காரணங்களுள் ஒன்று, விஞ்ஞானிகளின் கருத்தே மாறியது. குழந்தைகள் மெலிவதற்குப் புரதக் குறைவே காரணம் என்று முன்னர் எண்ணினர். ஐதராபாத் சத்துணவு நிலையத்தில் டாக்டர் சி. கோபாலனும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆராய்ச்சிகள், நம் ஏழைக் குழந்தைகள் வழக்கமாக உண்ணும் தானிய உணவையே வயிறார உண்டால் புரதமும் பெரும்பாலும் போதுமானதாகிவிடும் என்று காட்டின. குறைவது முதலில் உணவின் அளவு. அளவு குறையும்போது உடல், உண்ட புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. அடி அண்ணாமலை அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே என்பதை வாசகர்கள் உணர்ந்திருப்பார்கள்.

மற்றொரு காரணம் நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினரை நேரே தொடுவது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 1960-இல் பண்ணைகளில் வளர்ந்த வான்கோழிக் குஞ்சுகள் ஓர் இலட்சம் வரை காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் சேர்த்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் நஞ்சை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்பது அப்பூஞ்சணத்தின் பெயர். அதிலிருந்து நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தனர். மிகச் சிறிய அளவிலேயே கல்லீரலைக் கெடுக்கும். நெடுநாள் உட்கொண்டால் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும். நம் நாட்டிலும் 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றாக நீங்குவதில்லை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் அதன் ஒரு கூறு பாலிலும் இறங்கும். கடலை மாவைக் குழந்தைகளுக்குக் கொடுக்க எண்ணியவர்கள் கைகட்டி நிற்க நேர்ந்ததில் வியப்பில்லை.

நம் மாவட்டத்தில் ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசி வாக்கில் கைக்கு வரும்போதே வடகிழக்குப் பருவ மழையும் வந்து சேருகிறது. செடியைப் பிடுங்கிக் குவியலாகப் போட்டு, காய் பறிக்க ஆள் கிடைக்கும் வரை நான்கைந்து நாள் விட்டுவிடுவோர் உண்டு. பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு வேறில்லை. பிடுங்கிய செடிகளைக் காய் மேல்நோக்கும்படி வரிசையாகக் கிடத்தி வெயிலில் காயவிட வேண்டும். பறித்த காயைக் களத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காய் ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேற்படாத அளவுக்கு உலர்த்த வேண்டும். காதருகே காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும் என்பது பெரியோர் கண்ட அளவுகோல். மூட்டைகளை மண் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது நலம். உடைந்ததும் சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைக் கையால் பொறுக்கி நீக்கினால் நஞ்சில் பெரும்பகுதி அதனோடு போய்விடும்; அது கெட்ட பருப்புக்களிலேயே திரண்டிருக்கும். பொறுக்கியதை வீட்டுச் சட்னிக்கு வைத்துக்கொண்டு நல்லதை விற்பனைக்கு அனுப்பும் சிக்கனத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது சிக்கனமன்று.

நன்கு உலர்ந்த கடலைக்கு உலகச் சந்தையில் மீண்டும் மதிப்பு வந்திருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பிரான்ஸ் நாட்டில் 1996-இல் ஆந்த்ரே பிரியாந்த் என்னும் மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்பவரும் கடலை விழுது, பால் பொடி, எண்ணெய், சர்க்கரை, உயிர்ச்சத்து ஆகியவை சேர்ந்த ‘பிளம்பி நட்’ என்னும் உணவைச் செய்தனர். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு அதற்கு முன் பால் பொடிக் கலவையை மருத்துவமனையில் வைத்தே கொடுத்து வந்தனர். வீட்டில் கலக்கினால் அசுத்த நீரால் வயிற்றுப்போக்கு வரும். விழுதுக்கு நீர் வேண்டாம். பொட்டலத்தைக் கிழித்துத் தாயே ஊட்டலாம். நீரில் கரைக்கும் எப்பொடிக்கும் நீரின் தூய்மையே பாதி உயிர் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இனி நம் வீட்டுக் கஞ்சிக்கு வருவோம். கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் போட்டால் கெட்டிப்படுகிறது. பாவுக்குக் கஞ்சி போடும் நமக்கு இது தெரியாததன்று. மாவு சற்றுக் கூடினால் கஞ்சி கையில் ஒட்டும் பசையாகிவிடும். குடிக்கத்தக்க பதத்தில் வைக்க நீரைச் சேர்க்கிறோம். வயிறு நிரம்புகிறது, உள்ளே சென்ற மாவோ சிறிதளவே. குழந்தையும் முதியவரும் மெலிவதற்கு இந்த நீர்த்த கஞ்சி பெருங்காரணம்.

இதற்குப் பரிகாரம் முளைகட்டுதலில் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அமிலேஸ் என்னும் நொதி உண்டாகி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டுகிறது. அத்தகைய மாவில் காய்ச்சிய கஞ்சி, மாவு இருமடங்கிற்கு மேல் சேர்ந்தாலும் குடிக்கும் பதத்திலேயே நிற்கும். மைசூர் நிலையத்தில் எச்.எஸ்.ஆர். தேசிகாச்சார், என்.ஜி. மல்லேஷி முதலியோர் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயற்றையும் கொண்டு 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை ஆராய்ந்து காட்டினர். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் என்னும் அம்மையார், ஏற்கெனவே காய்ச்சிய கெட்டிக் கஞ்சியில் முளைமாவு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாலே கஞ்சி இளகிவிடும் என்று கண்டார். பெரிய இயந்திரமோ அயல்நாட்டுச் சரக்கோ வேண்டாத ஒரு கண்டுபிடிப்பு இது.

செய்முறை எளிது. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். நீரை வடித்து ஈரத் துணியில் கட்டி, முளை வரும் வரை ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். பின்னர் வெயிலில் நன்கு உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வாசனை வருமளவு வறுத்து அரைக்க வேண்டும். கருக வறுத்தால் நொதி செத்துவிடும். பிறகு முளைகட்டிய பாடு வீண். கஞ்சி காய்ச்சும்போதும் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து மெல்லச் சூடேற்றினால் கொதி வருமுன் நொதி தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

ஒரு வேளைக்கு ஈடாக என்ன அளவு வேண்டும்? முளைகட்டிய கேழ்வரகு மாவு 40 கிராம், பொட்டுக்கடலை மாவு 20 கிராம், வறுத்துப் பொடித்த நிலக்கடலை 15 கிராம், வெல்லம் 20 கிராம், பால் 200 மில்லி, தேவையான நீர். தேசிய சத்துணவு நிலையத்தாரின் அட்டவணையைக் கொண்டு கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ 500 கலோரி, 17 கிராம் புரதம், 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் சுண்ணாம்புச் சத்து. இரண்டு தம்ளர் வரும். டப்பாப் பொடி இரண்டு கரண்டி வெந்நீரில் தந்தது 114 கலோரியும் 3 கிராம் புரதமும் என்பதை நினைவில் கொள்க.

இக்கஞ்சியை முழு உணவு என்று நான் சொல்லவில்லை. இதில் சி உயிர்ச்சத்து இல்லை. ஏ உயிர்ச்சத்தும் போதாது. இரும்புச் சத்து இருந்தாலும் உடலில் சேர்வது குறைவு. ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ அருகில் இருந்தால் சி கிடைக்கும். இரும்பும் நன்கு சேரும். மற்ற இரு வேளைகளில் கீரையும் பருப்பும் முட்டையும் முறையாக இருக்க வேண்டும். உயிர்ச்சத்துக் கலவை சேர்த்த தொழிற்சாலைப் பொடிகளுக்கு உள்ள உண்மையான மேன்மை இதுதான்; அதை மறைப்பது நேர்மையாகாது. நோயுற்று ஒன்றும் உண்ண இயலாதவருக்கு டாக்டர் எழுதித் தரும் முழு உணவுப் பொடியின் இடத்தை வீட்டுக் கஞ்சி பிடிக்க முடியாது. சிறுநீரக நோயாளிகளும் நீரிழிவுக்காரர்களும் எதையும் தம் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு.

அங்கன்வாடிகளில் வழங்கும் சத்துமாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தானிய மாவு, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், உயிர்ச்சத்து, தாது உப்புக்கள் ஆகியன சேர்த்துச் செய்யப்படும் இம்மாவைத் தமிழ்நாட்டில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரித்து வழங்கி வந்துள்ளன என்பது நமக்குப் பெருமை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் துணை உணவாக வழங்க வேண்டும் என்பது 2009-இல் அரசு வகுத்த அளவு. வீட்டிற்கு வந்த மாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றுவோர் சிலர், அதே கையால் டப்பாவுக்குக் காசு கொடுப்பதையும் பார்க்கிறேன்.

புதிய மாற்றுணவுகளைப் பற்றியும் சில வார்த்தை. அமெரிக்காவில் 2014 முதல் விற்பனையான ‘சாய்லென்ட்’, பிரிட்டனில் 2015-இல் தோன்றிய ‘ஹியூல்’ போன்றவை, சமைக்க நேரமில்லாதவருக்கு முழு உணவு என்று கூறப்படுபவை. சாய்லென்ட் பொடியின் ஒரு தயாரிப்பை உண்டோருக்கு வயிற்றுக் கோளாறு கண்டதால் 2016-இல் அதன் விற்பனையை நிறுத்த நேர்ந்தது. மருத்துவத்தில் இவ்வகைக்கு உறுதியான பயனும் உண்டு. பிரிட்டனில் 306 நீரிழிவு நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பாதியினர் நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரை தரும் முழு மாற்றுணவை மூன்று முதல் ஐந்து மாதம் வரை மருத்துவர் கண்காணிப்பில் உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் அவர்களில் நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தின்றியே நீரிழிவு தணிந்திருந்தது. ஆனால் அவர்கள் இளைப்பதற்காக உண்டவர்கள். இளைத்துப் போனவரைத் தேற்றுவது வேறு கணக்கு.

விலையை ஒப்பிடும் முறையும் இதுதான். டப்பாவின் விலையை அதிலுள்ள மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். கலோரியாலும் வகுத்துப் பாருங்கள். அதே கணக்கைப் பொட்டுக்கடலைக்கும் நிலக்கடலைக்கும் பாலுக்கும் செய்யுங்கள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி சேர்க்கப்பட்ட சர்க்கரையின் அளவைத் தனியே அச்சிட வேண்டும். அவ்வரியையும் விடாது படியுங்கள். ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒரு வகை நம் நாட்டு உணவுச் சட்டத்தில் இல்லை என்பதால், அத்தலைப்பின்கீழ் இப்பானங்களை விற்கலாகாது என்று மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனையாளருக்கு அறிவுறுத்தியது. பெயர் மாறிற்று, டப்பாவிலுள்ளது மாறவில்லை.

பண்டகசாலையில் வைக்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்து இது. டாக்டர் சீட்டுக்கு மட்டும் முழு உணவுப் பொடி சில டப்பாக்கள் வைக்கலாம். துணைப் பானங்களுக்குச் சங்கக் கடன் வழங்கலாகாது. முளைகட்டிய கேழ்வரகு மாவை உறுப்பினர் வீட்டு மகளிரிடமிருந்தே வாங்கி, அளவுச் சீட்டு ஒட்டி விற்றால் அதற்குக் கடனும் கொடுக்கலாம். நிர்வாகக் குழுக்கள் மாறுபட்டுக் கருதினால் எழுதித் தெரிவிக்கலாம்.

அடி அண்ணாமலைக்கு இரண்டு மாதம் கழித்து மீண்டும் சென்றேன். திண்ணையில் ஒரு பழைய வேட்டியின் மேல் முளைகட்டிய கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. அம்மையார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். கஞ்சியில் மருமகள் வெல்லத்தை அள்ளிப் போட்டுவிடுகிறாள் என்று என்னிடம் முறையிட்டார். நிலுவையில் ஒரு தவணை வந்திருந்தது. மற்ற இரண்டும் தை மாதம் என்றார் மகன்.